வலது முழங்கை, இடம்: வீடு

எங்கள் பக்கத்து அடுப்புகள் ஆவணி, புரட்டாசியில்தான் வெடிக்கும். தை, மாசியில் அதே அடுப்பு, அதே மண்ணெண்ணெய், ஒன்றும் ஆகாது. தீபாவளிப் பட்டாசு ஆர்டர் ஏறத் தொடங்கியதும் அடுப்புகளுக்குக் கோபம் வந்துவிடும். முகம் வெந்து வருவார்கள், கை வெந்து வருவார்கள். கூட வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "அடுப்பு வெடிச்சிருச்சு சார்" என்பார்கள். வெந்து வந்தவர்களில் பாதிப் பேர் ஆண்கள். வருஷம் முழுக்க ஒரு தம்ளர் கழுவி வைக்காத எங்கள் ஊர் ஆண்கள் அந்த இரண்டு மாதம் மட்டும் அடுப்படியில் குடியிருப்பார்கள் போலிருக்கிறது.

இதையெல்லாம் எழுதிவைத்தவள் நான். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் சாத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரியை நடத்திய பெரிய டாக்டர் அப்போதுதான் இன்சூரன்ஸ் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். அவர்களுக்கு வியாதியின் பெயர் மட்டும் போதாது, அதற்கான குறியீட்டு எண்ணும் வேண்டும். என்னை மதுரைக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது தலையணை கனத்தில் இரண்டு ஜெராக்ஸ் புத்தகங்களும், அதைவிடக் கனமாகத் தலையும் கொண்டுவந்தேன்.

அந்தப் புத்தகத்தில் மனிதனுக்கு வரக்கூடிய எல்லாவற்றுக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் உண்டு. என்ன வியாதி என்பதற்கு ஒன்று, எப்படி வந்தது என்பதற்கு இன்னொன்று. எங்கே வைத்து வந்தது என்பதைப் புள்ளிக்குப் பின்னால் ஒரே ஓர் இலக்கம் சொல்லிவிடும். வீடு என்றால் பூஜ்யம். தொழிற்சாலை என்றால் ஆறு. பட்டாசு வெடித்துக் காயம் என்பதற்கும் தனியாக ஒன்று இருக்கிறது, டபிள்யூ 39. உலகத்தின் எந்த மூலையிலோ யாரோ உட்கார்ந்து யோசித்து அதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அந்தப் பக்கத்தைத் தீபாவளி வாரத்தில் ராக்கெட் விட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட பிள்ளைகளுக்காக மட்டும் திறந்தேன். மற்ற நாளெல்லாம் அடுப்பு, வீடு, பூஜ்யம்.

ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்கு வேண்டுமானால் விளக்க வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் ஆனது என்று டாக்டர் எழுதினால் அது போலீஸ் கேஸ். போலீஸ் வந்தால் கம்பெனிக்குச் சீல். சீல் வைத்தால் சீசன் நேரத்தில் அத்தனை வீட்டிலும் உலை ஏறாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. நான் எட்டாவது படிக்கும்போது என் அப்பாவுக்குக் கம்பெனியில் முதுகு வெந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைப் பார்த்துத்தான் எப்படி ஆச்சு என்று கேட்டாள். அடுப்பு என்றேன். அப்பா குப்புறப் படுத்தபடி தலையை ஆட்டினார்.

அதனால் ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்தபோது எனக்கு அது பொய் என்றே உறைக்கவில்லை. நோயாளி சொன்னதை டாக்டர் எழுதுவார், டாக்டர் எழுதியதை நான் எழுதுவேன், அதற்குமேல் கேட்க நான் யார் என்று இருந்தேன். ஆனால் டாக்டர்கள் அரைகுறையாக எழுதினால் விடமாட்டேன். விருதுநகரிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் வருகிற எலும்பு டாக்டர் ஒருவர் இருந்தார். நல்ல கைராசிக்காரர், எழுதுவதற்கு மட்டும் சோம்பேறி. 'முழங்கை வலி' என்று இரண்டு வார்த்தை கிறுக்கி வீசிவிடுவார். நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜைக்கு முன்னால் நிற்பேன். வலதா இடதா சார், வெளிப்பக்கமா உள்பக்கமா சார், எத்தனை நாளா சார் என்று கேட்பேன். வெளிப்பக்கம் என்றால் எம் 77.1, உள்பக்கம் என்றால் எம் 77.0. வெறும் வலி என்று எழுதினால் இன்சூரன்ஸ்காரன் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவான்.

"ஏம்மா, நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்பார். ஆனாலும் எழுதிக்கொடுப்பார். நான் அதை வெற்றிக் கோப்பை மாதிரி ரெக்கார்டு ரூமுக்கு எடுத்துவருவேன்.

ஒரு தடவை அவரோடு பெரிய சண்டையே வந்தது. சிவகாசியில் பிரஸ் வைத்திருக்கும் ஒரு முதலாளிக்குத் தோளில் ஆபரேஷன். இரண்டு வருஷமாக வலி என்று அவரே சொல்லி, டாக்டரும் அப்படியே எழுதியிருந்தார். பிறகுதான் பாலிசி எடுத்தே ஒரு வருஷம்தான் ஆகிறது என்று முதலாளிக்கு நினைவு வந்தது. பாலிசிக்கு முந்திய வியாதிக்குப் பணம் வராது, அதனால் தாளை மாற்றி, இரண்டு மாத வலி என்று எழுத வேண்டுமாம். டாக்டர் புதுத் தாள் கேட்டு ஆள் அனுப்பினார். நான் கொடுக்கவில்லை. அவரே இறங்கி வந்தார். வராந்தாவில் நோயாளிகள், நர்ஸுகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நான் சொன்னேன். "எழுதுனது எழுதுனதுதான் சார். மாத்தணும்னா வேற ஆளை வச்சுக்கோங்க."

பெரிய டாக்டர் என் பக்கம் நின்றார். நியாயத்துக்காக இல்லை, இன்சூரன்ஸ் ஒப்பந்தம் போய்விடுமே என்கிற பயத்தில். எனக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மதினியிடம்தான் முதலில் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "நல்லாக் கேட்ட. அவுகளுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா?" என்றாள்.

மதினி என் அண்ணனின் மனைவி, எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். மல்லாங்கிணற்றுக்காரி. அங்கே மழையை மட்டும் நம்பிய மானம் பார்த்த பூமியில் பருத்திக் காட்டில் களை எடுத்த கை, கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்ததும் கம்பி மத்தாப்புக்கு மாறியது. கம்பிகளை வரிசையாகச் செருகிய மரச்சட்டத்தை மருந்துக் குழம்பில் முக்கி, தூக்கி, வடியவிட்டு, வெயிலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். காய்ந்ததும் மறுபடி முக்க வேண்டும். சட்டத்தை மேலிருந்து பிடித்துத் தூக்கினால்தான் குழம்பு கையில் வழியாது. அதனால் உள்ளங்கை எப்போதும் கீழே பார்த்தே இருக்கும். ஈரச் சட்டத்தின் கனம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கி, அங்கிருந்து முழங்கைக்குப் போகும். காலையிலிருந்து சாயந்திரம் வரை இதே வேலை. நானாக இருந்தால் ஒரு நாளில் ஓடிவந்திருப்பேன். அவள் ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் ஆடி மாதம் அவளுக்கு வலது கை போனது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் தோசைக்கல்லைத் தூக்க முடியாமல் துணியை இரண்டு கையாலும் பிடித்தாள். பிறகு தண்ணீர்ச் சொம்பு நழுவி விழுந்தது. ஒரு நாள் காலையில் என் மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் சீப்பை வைத்துவிட்டு, "நீயே பின்னிக்கிட்டுப் போ தாயி" என்றாள். பிள்ளை பாதிச் சடையோடு என்னிடம் வந்து நின்றது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"எம்புட்டு நாளா இருக்கு மதினி?"

"அது கெடக்கு, ரெண்டு மாசமா. தைலம் தேச்சா கேக்கும்."

கேட்கவில்லை. ஆடி கழிந்து ஆவணி பிறந்தது, சீசன் ஏறிவிட்டது. சீசனில் ஒரு வாரம் நின்றால் அந்த இடத்தில் வேறொரு பெண் நிற்பாள். அப்புறம் சீசன் முடியும்வரை அந்தக் கதவு திறக்காது. வேலைக்குப் போனால் கை போகும், கையைப் பார்த்தால் வேலை போகும் என்கிற நிலை.

அந்த நேரத்தில்தான் ஒரு அதிசயம் நடந்தது. அவள் வேலை பார்த்த கம்பெனியில் முதலாளி மகன் வெளியூரில் படித்து முடித்து வந்து பொறுப்பெடுத்திருந்தான். புது மேனேஜரை வைத்தான். அந்த மேனேஜர் வாசலில் ஒரு போர்டு மாட்டினார். வேலையால் உடம்புக்கு வந்தால் டாக்டர் சான்றிதழோடு வரவும், குணமாகும்வரை இலகுவான வேலை தரப்படும், இடம் பறிபோகாது என்று அதில் எழுதியிருந்தது. தொழிலாளர்களுக்கெல்லாம் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்திருந்தார்களாம், அந்த இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டதால் வந்த போர்டு. யாரும் நம்பவில்லை. கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி நாலு நாள் நிற்கும் என்று சிரித்தார்கள்.

மதினியும் சிரித்தாள்தான். ஆனால் கை வலித்தவளுக்கு எதையாவது நம்பித்தானே ஆகவேண்டும். மேனேஜரிடமே போய்க் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்.

"காயிதம் வேணுமாம். வேலையால வந்ததுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா, லேபிள் ஒட்டுற ரூம்ல உக்கார வைக்கிறேங்காரு. ஒங்க ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போ. நீ இருக்கேல்ல."

லேபிள் ஒட்டுகிற அறை என்றால் உட்கார்ந்த வேலை. தூக்க வேண்டியது எதுவும் இல்லை. இரண்டு மாதம் அங்கே இருந்தால் கை ஆறிவிடும், இடமும் இருக்கும். அவளுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிப் போனேன். எலும்பு டாக்டர் அவள் முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். உயிர் போகிற மாதிரி கையை இழுத்தாள். கையை நீட்டி மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி, அவர் கீழே அமுக்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "டென்னிஸ் எல்போ" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ், "பாருடா, நம்ம ஊர்ல டென்னிஸ்" என்று சிரித்தாள். டாக்டர் சிரிக்காமல், "அது சும்மா பேருதான். பிடிச்சுத் தூக்குற வேலை யாரு பார்த்தாலும் வரும்" என்றார். பிறகு எழுதத் தொடங்கிவிட்டுக் கேட்டார்.

"எப்படிம்மா வந்துச்சு? என்ன வேலை பாக்குறீங்க?"

"வீட்டுலதான் சார்" என்றாள் மதினி. "மாவாட்டுவேன், தண்ணி எறைப்பேன்."

"வெளி வேலைக்குப் போறதில்லையா?"

"இல்ல சார்."

மேஜைமேல் நீட்டியிருந்த அவள் கையை நான் பார்த்தேன். நகக்கண்ணிலும் ரேகைகளிலும் மத்தாப்பு மருந்தின் அலுமினியத் தூள் ஏறி வெள்ளியாக மின்னியது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது, சீசன் முடிந்து மாசக்கணக்கில் இருக்கும். மாவாட்டி வந்த கை அது இல்லை என்று குருடனுக்கும் தெரியும். டாக்டர் முழங்கையை மட்டும் பார்த்தார், அவருக்கு வேண்டியது அது. தாளில் 'வீட்டு வேலை' என்று எழுதினார். வலது, வெளிப்பக்கம், மூன்று மாதம் என்று நான் பழக்கிவைத்தபடி சுத்தமாக, எதையும் விடாமல் எழுதினார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். 'இல்லை சார், கம்பெனியில' என்று இரண்டு வார்த்தை. வரவில்லை. எட்டாம் வகுப்பில் நர்ஸிடம் அடுப்பு என்று சொன்ன வாய்தானே. அடுத்த நோயாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சான்றிதழை எழுத வேண்டியவள் நான். மதினியை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். வியாதி, எம் 77.1. பக்கம், வலது. காரணம், திரும்பத் திரும்பப் பளுத் தூக்கியது, எக்ஸ் 50. புள்ளி வைத்தேன். அடுத்து பூஜ்யமா, ஆறா? வேலையால் வந்த நோய் என்பதைச் சொல்லத் தனியாக இன்னொரு குறியீடும் இருக்கிறது, ஒய் 96. அதுவும் எனக்கு மனப்பாடம். எலும்பு டாக்டர் ஒரு மணிவரை இருப்பார், அவர் அறை எனக்குப் பத்தடி தூரத்தில். ஒன்றும் இல்லாத விஷயத்துக்கெல்லாம் தாளைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றவள் நான். அன்றைக்கு மட்டும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொந்தக்காரிக்காகத் தாளை மாற்றுகிறாள் என்று நர்ஸுகள் பேசுவார்கள். பிரஸ் முதலாளிக்கு இல்லை என்றவள் மதினிக்கு ஆமாம் என்றால் என் மரியாதை என்ன ஆகும். மேனேஜர் வியாதியின் பெயரைத்தான் பார்ப்பார், எண்ணையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள். இப்படி அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி யோசித்தேன். டாக்டர் தாளில் வீடு என்று இருக்கிறது, நான் வீடு என்று எழுதுகிறேன், இதில் என் தப்பு ஒன்றும் இல்லை என்று பூஜ்யத்தைப் போட்டேன். இடம் என்ற கட்டத்தில் 'வீடு' என்று எழுத்திலும் எழுதினேன். நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். திமிர்தான் அது.

மதினி சான்றிதழை வாங்கி, படிக்காமலே நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. பஸ்ஸில் வரும்போது முகம் தெளிந்திருந்தது. திங்கட்கிழமையிலிருந்து லேபிள் ரூம் என்று பக்கத்து சீட்டுக்காரியிடம்கூடச் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேனேஜர் படிக்கிற மேனேஜராக இருந்துவிட்டார். திங்கட்கிழமை மத்தியானம், காயிதம் செல்லாதாம் என்று மதினி என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கே வந்தாள். இப்படியெல்லாம் வருகிறவள் இல்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவளோடு கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார், நாற்காலி போடச் சொன்னார். சான்றிதழை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நான் தர மாட்டேன்னு சொல்லலம்மா. வீட்டு வேலையால வந்ததுன்னு உங்க ஆஸ்பத்திரியே எழுதியிருக்கு. இதை வச்சுக்கிட்டு நான் இடம் மாத்துனா இன்சூரன்ஸ்காரன் என்னைத்தான் கேப்பான். சரியா எழுதி வாங்கிட்டு வாங்க, நாளைக்கே லேபிள் ரூம்."

நான் வேண்டுமென்றே மதினி பக்கம் திரும்பவில்லை. தாளில் என்ன இருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை, என் கவலை எனக்கு. எங்கள் வட்டாரத்தில் என் வாழ்நாளில் ஒரே ஒரு கம்பெனி, ஒரே ஒரு முறை, உண்மையை எழுதிக்கொண்டு வா, வேலை தருகிறேன் என்று சொன்னது. அதற்குப் போய் நாங்கள் வழக்கமான பொய்யைக் கொடுத்திருக்கிறோம்.

மறுநாள் செவ்வாய். எலும்பு டாக்டர் வந்து பையை வைப்பதற்குள் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். மதினி கம்பெனியில் வேலை பார்ப்பவள், பயத்தில் அப்படிச் சொல்லிவிட்டாள், தாளில் ஒரு வரி சேர்த்து இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டால் போதும் என்றேன். அது மாற்றுவது ஆகாது, சேர்ப்பது, விதியிலேயே இடமிருக்கிறது என்றும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீதானம்மா சொன்ன, எழுதுனது எழுதுனதுதான்னு. வராந்தாவுல, எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

"அது வேற சார். அது பொய்யா மாத்துறது. இது உண்மையைச் சேர்க்குறது."

"அவர் கேட்டா மாத்துறது, உன் மதினி கேட்டா சேர்க்குறது. அந்தம்மா என்கிட்ட என்ன சொன்னாங்க? வெளி வேலைக்குப் போறதில்லைன்னு சொன்னாங்க. நாலு நாள் கழிச்சுக் கம்பெனில சலுகை வேணும்னதும் கதை மாறுது. நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா கூண்டுல ஏறுறது நான். நீயா வருவ?"

"அவுக கையை வந்து பாருங்க சார். அலுமினியத் தூளு இன்னும் இருக்கு."

"கையைப் பார்த்துட்டேன். டென்னிஸ் எல்போதான். எழுதிக் குடுத்துட்டேன்."

பெரிய டாக்டரிடம் போனேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி பெயரில் கம்பெனி விவகாரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நானே ஆறைப் போட்டுப் புதுச் சான்றிதழ் ஒன்று அச்சடித்துக் கொடுத்திருக்கலாம். சாவி என்னிடம், சீல் என்னிடம். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து டாக்டருடையது ஆயிற்றே என்று விட்டுவிட்டேன். என் கையாலேயே எழுதி, அதை நானே மாற்ற முடியாமல் நின்றேன்.

மதினி அந்த வாரமே சட்டம் தூக்கப் போனாள். முழங்கைக்குக் கீழே ஒரு பட்டை கட்டிக்கொண்டாள். அது கொஞ்ச நாள் தாங்கியது. அண்ணன் ஒரு நாள் சாப்பிடும்போது என்னிடம் கேட்டான்.

"ஏ புள்ள, ஊரு பேரெல்லாம் எழுதுறியாம், ஒனக்குத் தெரியாதா அவ எங்க வேலைக்குப் போறான்னு?"

"அவுகதான் டாக்டர்ட்ட அப்படிச் சொன்னாக" என்றேன். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனான். மதினி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கும் எனக்குக் கோபம் அவள் மீதுதான். பயந்து தொலைத்துவிட்டு இப்போது என் தலையில் போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

தீபாவளிக்குள் கை முழுதாகப் போய்விட்டது. சட்டத்தை இடது கையில் தாங்கி, வலது கையைச் சும்மா வைத்துக்கொண்டு சீசனை முடித்தாள். அடுத்த சித்திரையில் ஆள் எடுக்கும்போது மேஸ்திரி அவளைக் கூப்பிடவில்லை. வேலை தெரிந்தவள், ஆனால் கை இல்லாதவள். அந்த போர்டும் அதற்குள் போய்விட்டிருந்தது. மேனேஜர் மாறிவிட்டார் என்றார்கள். போர்டு எத்தனை பேருக்கு உதவியது என்று விசாரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு பெண்ணுக்கு லேபிள் ரூம் கிடைத்திருக்கிறது. அவள் வேறோர் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறாள். அங்கே எழுதியவர் நாகர்கோவில்காரராம், எங்கள் வழக்கம் தெரியாதவர், அவளைத் துளைத்துத் துளைத்துக் கேட்டு எழுதியிருக்கிறார்.

ஊசி போட்டோம். நாட்டு வைத்தியரிடம் கட்டுக் கட்டினோம். வலி குறைந்தது, பிடி திரும்பவில்லை. இரண்டு வருஷம் ஆகியும் பூட்டைத் திருகித் திறக்க இடது கையைத்தான் நீட்டினாள். கோயில் கொடைத் திருவிழாவில் பந்தி பரிமாறக் கூப்பிட்டால் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். சாம்பார் வாளியைத் தூக்க முடியாது என்று நாலு பேர் முன்னால் சொல்ல அவளுக்கு மனமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் குழாயடியில் போர்வை அலசிக்கொண்டிருந்தோம். கனத்த போர்வை. ஒரு முனையை நானும் மறுமுனையை அவளும் பிடித்துப் பிழிய வேண்டும். அவள் முனையை இடது கையில் சுற்றி, வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். நான் மட்டும் முறுக்கினேன். அவள் பக்கம் பிடி நிற்காமல் மூன்று தடவை நழுவியது. எனக்கு எரிச்சல் வந்தது. எதன்மேல் என்று தெரியாத எரிச்சல், அது எப்போதும் பக்கத்தில் இருப்பவர்மேல்தான் விழும்.

"அன்னைக்கு டாக்டர்ட்ட ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லிருந்தீகன்னா இப்படி ஆகிருக்குமா மதினி? காயிதம் வாங்கத்தான போனோம். பெறகு எதுக்கு வீட்டு வேலைன்னு சொன்னீக?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. கேட்க வேண்டியதை இவ்வளவு நாள் கழித்துக் கேட்கிறாளே என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"வெளியூரு டாக்டரு. அவருகிட்ட எப்படித் தாயி சொல்ல முடியும்? போலீசு கேசாகிப் போச்சுன்னா அம்புட்டு பேரு வயித்துலயும் மண்ணு. அவரு காதுக்குத்தான் அதைச் சொன்னேன். காயிதம் எழுதுறது நீதான. ஒனக்குத்தான் நான் எங்க வேலைக்குப் போறேன்னு தெரியுமே. நீ சரியா எழுதிருவன்னுதான ஒன் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இல்லன்னா வேற எங்கிட்டாவது போயிருக்க மாட்டேனா?"

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, நிறுத்தத் தோன்றவில்லை. இரண்டு வருஷமாக அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை, அண்ணனிடம்கூட.

"சரி, அந்த மொனையக் கெட்டியாப் பிடி" என்றாள் மதினி. "மண்ணுல விழுந்துரப் போவுது."